சொன்னதைத் திருப்பிச் சொல்வது: கோவை வானத்து ரேடியோப் பேச்சு

பைலட் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நம் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். பொள்ளாச்சி, கோபி, நாமக்கல், காங்கேயம் என்று எங்கிருந்தாவது, யார் மூலமாகவாவது என் நம்பரை வாங்கி அழைப்பார்கள். நான் விமானம் ஓட்டுபவன் இல்லை. ஓட்டுபவர்களோடு கீழேயிருந்து பேசுபவன். ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். அவிநாசிப் பக்கம் பிறந்து, கோவையில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, அலகாபாத் பம்ரௌலியில் பயிற்சி முடித்து, வெளியூர் டவர்களில் வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

அழைக்கிறவர்கள் முதலில் கேட்பது கட்டணம், மெடிக்கல், வேலை வாய்ப்பு. பயிற்சியில் சேர்ந்து சில மாதம் கழித்து மறுபடி அழைக்கும்போதுதான் பேச்சு மாறும். "ஓட்டறதுகூடப் பரவாயில்லீங்ணா, ரேடியோவுல பேசறதுக்குத்தான் பயமா இருக்குது" என்பார்கள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளே இதைச் சொல்வார்கள். இந்தப் பயம் இங்கிலீஷால் வருவதில்லை. ரேடியோப் பேச்சு எதற்காக அப்படி அமைந்திருக்கிறது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை, அதனால் வருகிறது. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ரேடியோவைப் புரிந்துகொள்ள வேண்டும். விமானங்களும் டவரும் பேசுவது விஎச்எஃப் அலையில், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேசும்போது உங்களுக்கு வேறு எதுவும் கேட்காது. கையை எடுத்தால்தான் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் மற்றவர்கள் காதில் 'கீ...' என்று ஒரு கூச்சல்தான் விழும். அழுத்திய அந்த இரண்டு பேருக்கும் எதுவுமே தெரியாது. தாங்கள் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். அந்தியூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அது இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இங்கே அதற்கு நேர்மாறு. நான் ஒரு விமானத்துக்குச் சொல்வதை மற்ற எல்லாப் பைலட்டுகளும் கேட்டு, யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள், யார் இறங்கப் போகிறார்கள் என்று மனத்துக்குள் ஒரு படம் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் வளவளவென்று பேசினாலோ முக்கால்வாசியை விழுங்கினாலோ அத்தனை பேரின் படமும் கலைகிறது.

சரி, ஒரு சாதாரணப் பேச்சு எப்படி இருக்கும்? ஆடி மாதம் என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால் ஓடுபாதை 23 பயன்பாட்டில் இருக்கும். 23 என்றால் 230 டிகிரி திசை. அதே ஓடுபாதையின் மறுமுனைக்கு 05 என்று பெயர். டவரிலிருந்து நான் அந்த விமானத்தின் கால்சைனை, அதாவது ரேடியோவில் அதை அழைக்கும் பெயரைச் சொல்லி, "விண்ட் டூ ஃபோர் சீரோ டிகிரீஸ், ஒன் ஃபைஃப் நாட்ஸ், ரன்வே டூ ட்ரீ, க்ளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" என்பேன். பைலட், "ரன்வே டூ ட்ரீ, க்ளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" என்று சொல்லித் தன் கால்சைனைச் சேர்ப்பார். அவ்வளவுதான். சார் இல்லை, ப்ளீஸ் இல்லை, வணக்கம் இருந்தால் உண்டு.

அவர் காற்றின் வேகத்தைத் திருப்பிச் சொல்லவில்லை பாருங்கள். அது வெறும் தகவல். தப்பாகக் கேட்டால் உயிர் போகக்கூடிய விஷயங்கள் எவையோ அவற்றை மட்டும் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஓடுபாதைக்குள் நுழைவது, குறுக்கே போவது, ஓரத்தில் நிற்பது, ஏறுவது, இறங்குவது சம்பந்தப்பட்ட எதுவானாலும், எந்த ஓடுபாதை என்பது, உயரம், திசை, வேகம், க்யூஎன்ஹெச் எனப்படும் காற்றழுத்த அளவு, ராடார் திரையில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண், போக வேண்டிய பாதை. இவற்றுக்கு 'ரோஜர்' என்று மட்டும் பதில் வந்தால் நான் விடமாட்டேன், மறுபடி கேட்பேன்.

பைலட் திருப்பிச் சொல்வதோடு காரியம் முடிவதில்லை. அவர் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்டு, நான் சொன்னதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதுதான் கன்ட்ரோலர் வேலையிலேயே கஷ்டமான இடம் என்பது என் எண்ணம். நான் ஏழாயிரம் என்று சொல்லியிருக்கிறேன், அவரும் ஏழாயிரம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். அவர் ஆறாயிரம் என்று சொன்னாலும் ஏழாயிரமாகவே காதில் விழும். அதை உடைக்க நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஸ்ட்ரிப் என்று ஒரு நீளமான துண்டுச் சீட்டு உண்டு. உயரத்தைச் சொல்லும்போது அதில் எழுதுவோம். பைலட் திருப்பிச் சொல்லும்போது பேனா முனையை அந்த எண்ணின் மேலேயே வைத்திருப்பேன். காதில் விழுவதும் கண்ணில் தெரிவதும் ஒன்றாக இருந்தால்தான் டிக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தது இது. கம்ப்யூட்டர் திரை வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

அது என்னைக் காப்பாற்றிய ஒரு நாளைச் சொல்கிறேன். கோவையின் நில அமைப்பு தெரிந்தால்தான் இது புரியும். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடமேற்கே நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் போனால் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அடிக்கணக்கில் 8,650. ஜெட் விமானத்துக்கு அது ஐந்தாறு நிமிடத் தூரம். சென்னையிலிருந்து கிழக்கு வழியாக வருகிறவரைச் சமவெளிக்கு மேல் தாராளமாக இறக்கலாம். மும்பைப் பக்கமிருந்து வருகிறவரை மலையைத் தாண்டும்வரை மேலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மழை மேகம் மூட்டமாக இருந்தது. கிழக்கிலிருந்து ஒன்று, வடமேற்கிலிருந்து ஒன்று. ஒரே நிறுவனத்து விமானங்கள், கால்சைன் எண்களும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. கிழக்கே இருந்தவரை 7,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். பதில் வந்த இடத்தில் முதலில் அந்த 'கீ' சத்தம். அதன் வாலில், "...செவன் தௌசண்ட்" என்று ஒரு குரல் தெளிவாக வந்தது. எண் சரி. குரல் சரியில்லை. கிழக்கே இருந்தவர் ஒரு பெண் கேப்டனோடு வந்த இளம் பையன், சற்று முன்தான் பேசியிருந்தார். இது கனத்த குரல், வடமேற்கே மலைமேல் 11,000 அடியில் இருப்பவருடையது.

உடனே இரண்டு பேர் ஒன்றாகப் பேசியதைச் சொல்லி, மலைமேல் இருந்தவரின் கால்சைனை நிதானமாகச் சொல்லி, இருக்கும் உயரத்திலேயே இருக்கச் சொன்னேன். அதையே மறுபடியும் சொன்னேன். "மெயின்டெய்னிங்" என்று எண்ணோடு பதில் வந்தது. அவர் இறங்க ஆரம்பித்திருக்கவே இல்லை. பிறகு கிழக்கே இருந்தவருக்குப் புதிதாக இறங்கச் சொல்லி, அவர் குரலில் திருப்பிக் கேட்டு, டிக் போட்டேன். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் அந்த இரண்டு பேரிடமும், ஒரே மாதிரி கால்சைன் அலைவரிசையில் இருக்கிறது, கவனம் என்று சொல்லி வைத்தேன். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நடைமுறையில் உள்ளதுதான். பைலட்டுகளும் தங்கள் காதில் இரண்டு ஒத்த பெயர் விழுந்தால் கன்ட்ரோலர் சொல்வார் என்று காத்திருக்காமல் தாங்களே சொல்லலாம். சொல்ல வேண்டும்.

நாங்கள் 'இறங்காதீர்கள்' என்று சொல்வதில்லை, 'இந்த உயரத்திலேயே இருங்கள்' என்கிறோம். பேச்சின் ஒரு துண்டு அறுந்து போனாலும் மிச்சம் இருப்பது ஆபத்தில்லாத அர்த்தம் தர வேண்டும்.

ஓடுபாதை விஷயத்துக்கு வருகிறேன். ஓடுபாதையின் முழு நீளத்துக்கும் பக்கவாட்டில் டாக்ஸிவே எனப்படும் உருண்டு போகும் பாதை இல்லாத இடங்களில், விமானம் ஓடுபாதை மேலேயே எதிர்த்திசையில் உருண்டு போய், கடைசியில் திரும்பி நின்று கிளம்பும். இதற்கு பேக்ட்ராக் என்று பெயர். கோவையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரிச் சொல். ஒரு விமானம் பேக்ட்ராக் போகும் அந்தச் சில நிமிடங்களும் ஓடுபாதை அதற்கே சொந்தம். அந்த நேரத்தில் இன்னொருவர் தனக்கு அனுமதி வந்துவிட்டதாக நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே படித்த பாடம் ஒன்று இருக்கிறது.

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. டாக்ஸிவேயிலும் விமானங்கள் நின்றதால் கேஎல்எம், பான் ஆம் என்ற இரண்டு நிறுவனங்களின் 747 விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதையிலேயே பேக்ட்ராக் செய்ய வேண்டியிருந்தது. மூடுபனி. டவருக்கு இரண்டும் தெரியவில்லை. விமானங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. முன்னால் போன கேஎல்எம் கடைக்கோடியில் திரும்பி நின்றது. அதற்கு டவர் தந்தது பறந்த பிறகு போக வேண்டிய பாதைக்கான அனுமதி மட்டுமே. கிளம்புவதற்கான அனுமதி இல்லை. ஆனால் அந்தப் பாதை அனுமதிக்குள்ளேயே 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணைப் பைலட் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்போது, இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. டவர் "ஓகே" என்றது; சற்று நிறுத்தி, காத்திருங்கள், அழைக்கிறேன் என்றது. அதே நொடியில் பான் ஆம், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் உருண்டுகொண்டிருக்கிறோம் என்று சொன்னது. இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதி, கேஎல்எம் காக்பிட்டில் கேட்டது அந்த "ஓகே"யும் பின்னால் ஒரு கீச்சுச் சத்தமும்தான். ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இதைப் படித்தபோது என்னை அதிகம் உலுக்கியது வேறொரு இடம். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஎல்எம் ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்றார். அந்தக் கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர்களில் ஒருவர். இன்ஜினியர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல் நிஜமாகவே கிளம்ப அனுமதி தரும்போதும், தந்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே அலைவரிசையில் வர வேண்டும் என்றானது. மற்ற இடங்களில் எல்லாம் 'டிபார்ச்சர்'தான். பயிற்சிப் பிள்ளைகள் "ரெடி ஃபார் டேக்-ஆஃப்" என்று சொன்னால் நாங்கள் திருத்துவது இதனால்தான். "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்று பழகுங்கள். 'ஓகே' என்ற சொல்லையும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி இங்கே மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். நம்மை வளர்த்த விதத்தில் பெரியவர்கள் ஏதாவது சொன்னால் "சரிங்க" என்பது தானாக வரும். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. அது மரியாதை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறேன். ஆனால் ஹெட்செட் மாட்டிய பிறகு அந்த "சரிங்க"தான் 'ரோஜர் சார்' ஆக வெளியே வருகிறது. ரோஜர் என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். ஒப்புக்கொண்டேன் என்றோ, செய்கிறேன் என்றோ, ஆமாம் என்றோ பொருள் இல்லை. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்'. முடியாது என்பதற்கு 'அனேபிள்'. கேட்கவில்லை என்றால் 'சே அகெய்ன்'.

கடைசி இரண்டும்தான் நம் பிள்ளைகளுக்கு வாயில் வருவதில்லை. நான் ஒரு வேகத்தைச் சொல்கிறேன், அந்த வேகத்தில் அவர்கள் விமானம் அந்த உயரத்தில் பறக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியாது. "அனேபிள்" என்று ஒரு சொல் வந்தால் நான் வேறு ஏற்பாடு செய்வேன். அதில் எனக்குக் கோபமே கிடையாது, நிம்மதிதான். சொல்லாமல் முயன்று பார்த்தால்தான் எங்கள் கணக்கு முழுவதும் தப்பும்.

1990 ஜனவரி 25 இரவு நியூயார்க் பக்கத்தில் விழுந்த ஏவியாங்கா 52 விமானத்தை இந்தக் கூச்சத்தோடு சேர்த்துத்தான் நான் யோசிப்பேன். கொலம்பியாவிலிருந்து வந்தது. மோசமான வானிலையால் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறினார்கள். கேப்டன், நாம் எமர்ஜென்சியில் இருக்கிறோம் என்று சொல்லிவிடு என்கிறார். ரேடியோவில் பேசிய துணைப் பைலட், கன்ட்ரோலர் தந்த திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் கடைசியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். எமர்ஜென்சி என்ற சொல்லோ, பெரிய ஆபத்தில் இருப்பதை அறிவிக்கும் மேடே என்ற சொல்லோ கடைசிவரை வரவில்லை. அந்த இரவில் எரிபொருள் குறைகிறது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். கேட்ட கன்ட்ரோலர்களுக்கு இது தனியாகத் தெரியவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இன்றைக்கு இதற்கென்று தனிச் சொற்கள் இருக்கின்றன. இனித் தாமதம் ஆனால் தாங்காது என்றால் 'மினிமம் ஃப்யூயல்'. கட்டாயம் இருக்க வேண்டிய இருப்பையே தொட்டுவிடுவோம் என்றால் 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்'. மேடே என்று மூன்று முறை சொன்னால் அந்த அலைவரிசையில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், வழி முழுவதும் உங்களுக்குத்தான். அதைவிடக் குறைந்த அவசரம் என்றால் 'பான் பான்', அதுவும் மூன்று முறை. பிறகு யாரும் எதற்காகச் சொன்னாய் என்று திட்டிவிடுவார்களோ என்ற யோசனையே வேண்டாம். தேவையில்லாமல் சொல்லிவிட்டதாகப் பின்னால் தெரிந்தாலும் ஒரு தாள் எழுதித் தர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். பயிற்சிப் பிள்ளைகளுக்கு இது உடனே பயன்படும். ஒரு எண் காதில் விழும் முன்பே அது எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தெரிந்திருந்தால் பாதித் தப்புகளை நீங்களே பிடித்துவிடலாம். டிரான்ஸ்பாண்டர் எண் நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரைதான். அதில் 8, 9 என்று கேட்டால் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள், யோசிக்கவே வேண்டாம். 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 ஆபத்து, இவை தெரிந்திருக்க வேண்டும். திசை என்றால் 360-ஐத் தாண்டாது. அலைவரிசை என்றால் முதல் மூன்று இலக்கம் 118 முதல் 136 வரைதான். க்யூஎன்ஹெச் நம் பக்கத்தில் ஆயிரத்தைச் சற்றே தாண்டி நிற்கும்.

இந்த க்யூஎன்ஹெச்சில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரமானி சுமார் 27, 28 அடி மாற்றிக் காட்டும். பத்து மாறினால் கிட்டத்தட்ட 280 அடி. 2022 மே மாதம் பாரிஸில் மழைக்குள் இறங்க வந்த ஒரு விமானத்துக்கு 1001 என்று சொல்வதற்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டார்கள். பைலட் 1011 என்றே பிசகாமல் திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொல்லும் முறை இங்கே கைகொடுக்கவில்லை, ஏனென்றால் கொடுத்த எண்ணே தப்பு. ஓடுபாதைக்கு ஒரு மைல் முன்னால் தரையைத் தொடும் அளவுக்கு வந்து, மேலே ஏறித் தப்பித்தது. அதனால் கன்ட்ரோலர் சொல்லும் அழுத்தத்தை நீங்கள் முன்பே வாங்கி வைத்திருக்கும் வானிலை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேளுங்கள். எங்களையும் சந்தேகப்படுங்கள், அது அவமரியாதை இல்லை.

சூலூர் விமானப்படைத் தளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீளமேட்டிலிருந்து கிழக்கே பதிமூன்று கிலோமீட்டர்தான். தேஜஸ் போர் விமானங்கள் இருக்கும் இடம். இரண்டு ஓடுபாதைகளும் ஏறத்தாழ ஒரே திசையில் கிடக்கின்றன. புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற ஓடுபாதை எது என்று உறுதி செய்துகொள்ளாமல் "ஃபீல்ட் இன் சைட்", அதாவது விமான நிலையம் கண்ணில் தெரிகிறது என்று சொல்லக் கூடாது. நாங்களும் சூலூர்க்காரர்களும் போனில் பேசி ஏற்பாடு செய்யும்போதுகூட, உயரத்தையும் நேரத்தையும் அவர் சொல்ல நானும் நான் சொல்ல அவரும் திருப்பிச் சொல்லித்தான் வைப்போம். ஆண்டுக்கணக்கில் பழகிய குரல்கள்தான், இருந்தாலும் விட்டுவிடுவதில்லை.

மயில் கதை ஒன்று. கொங்கு நாட்டில் மயிலுக்குப் பஞ்சமில்லை, தோட்டத்தில் இறங்கினால் துரத்த முடியாது. ஒரு நாள் காலை, இறங்குவதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட விமானத்துக்கு முன்னால், ஓடுபாதை ஓரத்துப் புல்லிலிருந்து ஒரு மயில் நடந்து உள்ளே வந்தது. பைனாகுலரில் தோகை நன்றாகவே தெரிந்தது. "கோ அரவுண்ட்" என்றேன், இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று பொருள். "கோயிங் அரவுண்ட்" என்று பதில் வந்தது. காரணம் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் காக்பிட்டில் இன்ஜினைக் கூட்டி, மூக்கைத் தூக்கி, சக்கரத்தை மடக்கி, இறக்கைத் தட்டுகளை மாற்றி என்று இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. அவர் ஏறி நிலைக்கு வந்து, தானே அழைத்த பிறகுதான் மயிலைப் பற்றிச் சொன்னேன்.

பைலட்டுகளுக்குச் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் விமானத்தைப் பற, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு. பேச்சு கடைசியில்தான். நான் அழைத்து, நீங்கள் அந்த நொடியில் கை வேலையாக இருந்தால் "ஸ்டாண்ட்பை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். புதிய கன்ட்ரோலர்களுக்கும் இதே பாடம்தான், திருப்பிப் போட்டு. இன்ஜினில் பறவை மோதிவிட்டதாக ஒருவர் சொன்ன உடனே எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு எரிபொருள் என்று அடுக்கக் கூடாது. ஓடுபாதையைக் காலி செய்து, தீயணைப்பு வண்டியை எழுப்பி, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மற்றது எல்லாம் அவர் மூச்சு விட்ட பிறகு.

நாங்கள் பேசவே கூடாத நேரமும் ஒன்று உண்டு. 1996 நவம்பர் 12-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். ஒன்றுக்கு 14,000, இன்னொன்றுக்கு 15,000 அடி என்று உயரம் தரப்பட்டிருந்தது. மேலே இருக்க வேண்டியது கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நம் வானத்தில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. அந்தக் கருவி ஏறு என்றோ இறங்கு என்றோ ஆணையிட்டால் பைலட் "டிகாஸ் ஆர்ஏ" என்று மட்டும் சொல்வார். நான் "ரோஜர்" என்று சொல்லி ஒதுங்க வேண்டும். 2002 ஜூலை 1-ஆம் தேதி ஜெர்மனியின் யூபர்லிங்கன் பக்கம் கருவி ஏறச் சொல்ல, கன்ட்ரோலர் இறங்கச் சொல்ல, ஒரு விமானம் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டு இன்னொரு விமானத்தோடு மோதியதில் 71 பேர் இறந்தார்கள். அந்த நிமிடத்தில் கருவி சொல்வதே முடிவு.

இனி இங்கிலீஷ் பயம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் ஆறு படிகளில் நான்காவது படி இருந்தால் வேலை செய்யலாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு. ஐந்தாவது படிக்கு ஆறு ஆண்டு. வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. உச்சரிப்பில் சொந்த ஊர் வாடை இருக்கலாம், அது புரிந்துகொள்வதைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. பார்க்கப் போனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிதானமாகப் பேசுவார்கள், அது ரேடியோவுக்கு நல்லது. நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதியும். பெருநகரத்தில் படித்து வருபவர்கள் கொட்டித் தள்ளுவதைத்தான் நாங்கள் அதிகம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி எப்படி எடுப்பது? ஆர்டிஆர் ரேடியோ உரிமத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது தேர்வைத் தாண்ட உதவும், காக்பிட்டில் உதவாது. இரண்டு பேர் சேர்ந்து போனில் பழகுங்கள். முகம் தெரியக் கூடாது என்பதால்தான் போன். ஒருவர் பாதை, உயரம், அலைவரிசை, டிரான்ஸ்பாண்டர் எண் என்று ஒரே மூச்சில் சொல்லட்டும். மற்றவர் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பிச் சொல்லட்டும். சொல்பவர் நடுநடுவே வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி, "கரெக்‌ஷன்" என்று திருத்த வேண்டும். கேட்பவரும் நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் பிடிக்கிறாரா என்று பார்க்க. இந்த இரண்டாவது பகுதியை யாரும் பழகுவதில்லை. பக்கத்தில் டிவி ஓடட்டும், மிக்ஸி ஓடட்டும், பரவாயில்லை. நிஜத்தில் இன்ஜின் சத்தம் அதைவிட அதிகம்.

பொத்தானை அழுத்தியதும் ஒரு கண நேரம் விட்டுப் பேசுங்கள். அழுத்தும்போதே பேசினால் முதல் எழுத்து அறுந்து, உங்கள் கால்சைனின் தலை போய்விடும். அழுத்தும் முன் யாராவது பேசுகிறார்களா, யாருடைய பதிலுக்காவது டவர் காத்திருக்கிறதா என்று கேளுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அழுத்துங்கள். அழுத்திக்கொண்டு "அ... அ..." என்று யோசித்தால் அந்த நேரம் முழுவதும் என்னால் யாரையும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று, உங்கள் பயிற்சிப் பள்ளி மூலமாக எழுதிக் கேட்டு ஒருமுறை டவருக்கு வந்து உட்காருங்கள். அனுமதி வரக் கொஞ்சம் நாளாகும் என்பதால் படிப்பு ஆரம்பித்த உடனேயே எழுதிவிடுவது நல்லது. காலையில் விமானங்கள் அடுத்தடுத்து வரும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், மத்தியானம் வந்தால் பார்க்க அவ்வளவாக இருக்காது. வேலை நடக்கும் இடத்தில் போனை அனுமதிக்க மாட்டார்கள், ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, பைலட் திருப்பிச் சொல்வதை என் ஸ்ட்ரிப்போடு நீங்களும் சரிபாருங்கள். எங்கேயாவது ஒத்துப் போகவில்லை என்று தோன்றினால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே தோளைத் தொட்டுச் சொல்லுங்கள்.